ஹைபிரிட் காரின் பெட்ரோல் கணக்கு

அரசாங்க அலுவலகங்களில் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் லாக் புத்தகம் என்னும் பதிவேடு ஒன்று உண்டு. சென்ற தூரமும் போட்ட பெட்ரோலும் நாள்தோறும் அதில் எழுதப்படுகின்றன. வண்டிக்குரிய சான்றிதழில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்றிருக்க, பதிவேட்டில் 18 மட்டுமே காணப்படுமாயின், முதலில் ஐயத்துக்கு உள்ளாகிறவர் டிரைவரே. அவரிடம் விளக்கம் கேட்குமுன், அவ்விரு எண்களும் எவ்வாறு கிடைத்தன என்பதை ஆராய்தல் முறையாகும்.

சான்றிதழுக்குரிய சோதனை சாலையில் நடைபெறுவதன்று. சோதனைக்கூடத்தில் உருளைகளின்மீது வண்டியை நிறுத்தி, முன்னரே வகுக்கப்பட்ட வேக அட்டவணைப்படி சக்கரங்களைச் சுழலச் செய்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் காருக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்னும் அளவு இவ்வகைச் சோதனையில் கிடைத்ததே. அந்த அட்டவணை சுமார் 20 நிமிஷம் நீடிப்பது, அதன் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், ஏ.சி. இயங்குவதில்லை. இதில் மோசடி ஏதுமில்லை. எல்லா வண்டிகளையும் ஒரே நிலையில் ஒப்பிடுவதற்காக ஏற்பட்ட எண் அது. குறிப்பிட்ட ஒரு சாலையில் எவ்வளவு பெட்ரோல் செலவாகும் என்பதை அது கூறாது.

ஹைபிரிட் காரில் பெட்ரோல் எஞ்சினுடன் மின்சார மோட்டாரும் பாட்டரியும் உண்டு. அதன் சிக்கனம் பெரும்பாலும் பிரேக்கில் அடங்கியிருக்கிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் கணக்காகவே போட்டுக் காட்டலாம். 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும்பொழுது அதன் இயக்க சக்தி 2,40,000 ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் ஜூல் சக்தி உண்டு. அதில் எஞ்சின் கால் பங்கையே பயன்படுத்துவதாகக் கொண்டால், அவ்வேகத்தை எய்துவதற்கு மட்டும் 30 மில்லிலிட்டர் பெட்ரோல் தேவை. சாதாரணக் காரில் பிரேக்கை அழுத்தியதும் அச்சக்தி முழுவதும் வெப்பமாகி வீணாகிறது. இவ்வாறு 33 முறை நிறுத்திக் கிளப்பினால் ஒரு லிட்டர் போய்விடும். ஹைபிரிட் காரிலோ மோட்டார் அப்பொழுது ஜெனரேட்டராக மாறி, அச்சக்தியில் ஒரு பகுதியை பாட்டரியில் சேர்க்கிறது.

ஆகவே அடிக்கடி நின்று செல்லும் நகர வீதியில் ஆதாயம் மிகுதி. சீராக ஓடும் நெடுஞ்சாலையில் குறைவு. பிரேக் போடாத இடத்தில் மீட்பதற்கு என்ன இருக்கிறது? அன்றியும், காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், 70 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள எதிர்ப்பு 100 கிலோமீட்டரில் இரு மடங்காகிறது. ஏ.சி. தூரத்தைப் பொறுத்தன்றி நேரத்தைப் பொறுத்தே சக்தியை உண்கிறது. பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஊர்ந்து கடக்கும் வண்டிக்கு அச்செலவு கிலோமீட்டர்க் கணக்கில் மிகப் பெரிதாகும். டிரைவர்கள் இவற்றை நூல் படியாமலே அறிவார்கள்.

அமெரிக்க அரசாங்கம் 2008 மாடல் வண்டிகளிலிருந்து தன் கணக்கு முறையைத் திருத்தி, அதிவேகம், ஏ.சி., குளிர்காலம் ஆகியவற்றையும் அதில் சேர்த்தது. 2004 மாடல் டொயோட்டா பிரியஸ் காருக்கு நகர ஓட்டத்தில் லிட்டருக்கு 25.5 கிலோமீட்டர் என்றிருந்த அளவு, புதிய முறைப்படி 20.4 ஆயிற்று. கார் மாறவில்லை, அளவுகோலே மாறியது. ஐரோப்பாவில் கார்களிலேயே பொருத்தப்பட்ட கருவிகளின் கணக்கு 2024-இல் வெளியாயிற்று. 2021-இல் பதிவான பெட்ரோல் கார்களின் உண்மைச் செலவு சோதனை அளவினும் சராசரி 23.7 சதவீதம் கூடுதல் எனக் காணப்பட்டது. வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்யக்கூடிய ஹைபிரிட் வகையிலோ அது மூன்றரை மடங்கு! சோதனையில் எண்ணியவாறு உரிமையாளர்கள் அடிக்கடி சார்ஜ் செய்யாமையே இதற்கு முக்கிய காரணம்.

அலுவலகத்தில் அளக்க விரும்புவோர் டாங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதே பம்பில் அதே அளவுக்கு நிரப்ப வேண்டும். ஒரு முறை அளந்தது போதாது; நான்கைந்து முறையாவது வேண்டும். சராசரி எடுப்பதில் ஒரு பிழை பரவலாகக் காணப்படுகிறது. முதல் 300 கிலோமீட்டருக்கு 15 லிட்டரும் அடுத்த 300 கிலோமீட்டருக்கு 25 லிட்டரும் செலவாயின என்க. முன்னது லிட்டருக்கு 20, பின்னது 12. சராசரி 16 எனச் சிலர் எழுதுவர். 600-ஐ 40-ஆல் வகுத்தால் கிடைப்பது 15. டிரைவரின்மேல் குற்றம் சுமத்த இந்த ஒரு கிலோமீட்டரே போதுமானதாகிவிடுகிறது.

புது வண்டி வாங்கும்பொழுதும் இக்கணக்கு பயன்படும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் பழைய ஜீப்புக்குப் பதிலாக 15 தரும் வண்டி வந்தால், 100 கிலோமீட்டருக்கு 3.3 லிட்டர் மீதமாகும். 20 தரும் காரை நீக்கி 30 தரும் ஹைபிரிட் காரை அமர்த்தினால் மீதமாவது 1.7 லிட்டரே. இரண்டும் ஒரே தூரம் ஓடுவனவாயின், முதலில் மாற்ற வேண்டியது ஜீப்பைத்தான்.