மீண்டும் எழுந்த சிறகுகள்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் நெடுஞ்சாலையில், செங்குன்றத்தைக் கடந்தால் சோழவரம் வருகிறது. ஏரியால் பெயர்பெற்ற அவ்வூரில் விமான ஓடுதளம் ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட அத்தளத்தில், போர் ஓய்ந்தபின் பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. ஓடுதளம் இங்கே இருக்க, அக்காலத்து விமானங்களைக் காண விரும்புவோர் தில்லிக்குச் செல்லவேண்டும். அங்குள்ள பாலம் என்னுமிடத்தில் இந்திய விமானப்படை அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

அங்கு முதலில் காணத்தக்கது 'வாபிட்டி'. 1932 அக்டோபர் 8 அன்று தோன்றிய விமானப்படை, 1933 ஏப்ரல் 1இல் கராச்சியில் தன் முதல் அணியை அமைத்தபோது அதனிடம் இருந்தவை நான்கு வாபிட்டிகளே. ஈரடுக்குச் சிறகுகள் கொண்ட அவ்விமானத்தில் விமானியின் தலைக்குமேல் கூரை இல்லை. மழையும் காற்றும் முகத்தில் அறையப் பறந்தவர்கள் அவர்கள்!

ஜப்பானின் 'ஓகா'வுக்கோ சக்கரங்களே இல்லை. திரும்பி வராத விமானத்துக்குச் சக்கரம் எதற்கு? வெடிமருந்தோடு விமானியும் பகைவர் கப்பலில் மோதி மாய்வதற்கென்றே செய்யப்பட்டது அது. அதன் பெயருக்குச் செர்ரிப்பூ என்பது பொருள்.

நெடுநேரம் நின்று காணவேண்டியது 'லிபரேட்டர்'. நான்கு எஞ்சின்களைக் கொண்ட இதன் சிறகுகளின் மொத்த அகலம் ஏறத்தாழ 33 மீட்டர். அமெரிக்காவில் உருவான இக்குண்டுவீச்சு விமானங்களைப் போருக்குப்பின் கான்பூரில் குவித்துவைத்த ஆங்கிலேயர், பிறர் பயன்படுத்த இயலாதவாறு அவற்றைச் சிதைத்துவிட்டுச் சென்றனர். விடுதலை பெற்ற இந்தியாவுக்குக் குண்டுவீச்சு விமானங்கள் தேவைப்பட்டபோது, அந்தக் குப்பைமேட்டின் பக்கம் பார்வை திரும்பியது. பெங்களூரு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் கான்பூருக்குச் சென்று, சிதைந்தவற்றை ஒவ்வொன்றாகப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தனர். முழுமையாகச் செப்பனிடப்படாத அவ்விமானங்களை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவுக்கு ஓட்டிவந்தவர் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி. எஞ்சிய பணிகள் அங்கே முடிக்கப்பட்டன. இவ்வாறு மீட்கப்பட்டவை நாற்பதளவில் இருக்கும். 1948இல் படையில் சேர்ந்த லிபரேட்டர்கள் 1968வரை பணியாற்றின.

பின்னர் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் லிபரேட்டரைத் தேடியபோது, பழுதின்றி எஞ்சியவை இந்தியாவில் இருந்தன. 1974இல் பிரிட்டனின் அரச விமானப்படை அருங்காட்சியகத்துக்கு இந்தியா ஒன்றை வழங்கியது. உடைத்துப் போட்டவர்களின் நாட்டுக்கே அது பறந்து சென்றது.

அருங்காட்சியகத்திலுள்ள 'மாருத்' வேறொரு வகை. ஜெர்மானியப் பொறியாளர் குர்த் டாங்க் தலைமையில் பெங்களூருவில் வடிவமைக்கப்பட்டு, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த இந்தியப் போர் விமானம் இது. உடலமைப்பு சிறந்திருந்தும், அதற்கேற்ற ஆற்றல்மிக்க எஞ்சின் இறுதிவரை கிடைக்கவில்லை. அக்குறை சிறிதன்று.

பறப்பதை நிறுத்திய விமானமும் பயிற்றுவிக்கும். சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. கல்லூரியில், மாணவர் கற்பதற்காக இரண்டு பழைய விமானங்கள் வைக்கப்பட்டிருந்தன. மற்றவர் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவற்றின் அருகே அமர்ந்திருந்த மாணவர் ஒருவர், அவற்றால் ஈர்க்கப்பட்டு வானூர்திப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். தம் தன்வரலாற்றில் இதனைக் குறிப்பிடும் அவர், ஆ. ப. ஜெ. அப்துல் கலாம்.

2001இல் முதன்முறை பறந்த 'தேஜஸ்' விமானமும் அயல்நாட்டு எஞ்சினையே கொண்டுள்ளது. ஆயினும் அந்த எஞ்சினின் சுழற்சியை மின்னாக்கிக்கும் நீர்ம அழுத்த விசைக்குழாய்களுக்கும் பகிர்ந்தளிக்கும் பற்சக்கரப் பெட்டி, திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியிலுள்ள போர் ஊர்திகள் ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தில் வடிவமைக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் முதன்மைப் பணி, தரையில் ஓடும் பீரங்கி வண்டிகளை வடிவமைப்பதாகும்.