ஒரே நாளில் ஊர் சுற்றப் போகிறீர்களா? குழந்தையின் கடிகாரத்தைப் பாருங்கள்!

‘‘என்னங்க, சனிக்கிழமை தஞ்சாவூர் போயிட்டு வந்துடலாமா? திருச்சியிலேர்ந்து ஒன்றரை மணி நேரம்தானே... பெரிய கோவில், அரண்மனை, சரஸ்வதி மகால், சிவகங்கைப் பூங்கா எல்லாத்தையும் பார்த்துட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம்!’’

பல வீடுகளில் லீவு நாள் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. காலையில் துள்ளிக் குதித்துக்கொண்டு கிளம்பும் நாலு வயதுக் குழந்தை, மதியம் இரண்டு மணிக்கு அரண்மனை வாசலில் தரையில் உட்கார்ந்துகொண்டு, ‘வீட்டுக்குப் போலாம்’ என்று அழும். ‘‘இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தா அடம் பிடிக்கிறியா?’’ என்று அப்பா ஒரு அதட்டல் போடுவார்.

அது அடம்தானா? பெரும்பாலும் இல்லை. தாகம், பசி, உடம்புச் சூடு, தூக்கம்... இதில் எது என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் அழுகிறது.

ஏன் சீக்கிரம் வாடுகிறது?

எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், குழந்தைக்குத் தோலின் பரப்பு நம்மைவிட அதிகம். அதனால் வெளியில் இருக்கும் வெப்பத்தை உடம்பு வேகமாக வாங்கிக்கொள்கிறது. உடம்பைக் குளிர வைக்கும் வியர்வையோ நம் அளவுக்குச் சுரப்பதில்லை. போதாக்குறைக்கு, வேடிக்கை பார்க்கும் ஜோரில் தாகம் எடுப்பதும் தெரியாது. உங்களுக்கு ‘கொஞ்சம் புழுக்கம்’ என்று தோன்றும்போதே குழந்தை களைத்துப் போயிருக்கும்.

ஆகவே ஊர் முழுவதையும் பார்த்தே தீருவது என்ற ஆசையை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். காலையில் ஒரு இடம், வெயில் இறங்கிய பிறகு ஒரு இடம், நடுவில் நிழலும் தூக்கமும். சின்னக் குழந்தைகளோடு போகும் ஒரு நாள் பயணத்துக்கு இதுவே போதும்.

பயணத்தில் வாந்தியா?

இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இந்தத் தொல்லை அதிகம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போல லேசாகக் கொடுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், பூரி கிழங்கும் வேண்டாம். பஸ்ஸில் முன்பக்க சீட்டாகப் பார்த்து உட்கார வையுங்கள். ஜன்னல் வழியே தூரத்தில் தெரியும் மரத்தையும் வயலையும் பார்க்கச் சொல்லுங்கள். கையில் செல்போனோ, படப் புத்தகமோ கொடுத்தால் தலைசுற்றல் அதிகமாகும். வாந்தி மருந்தை டாக்டரிடம் கேட்காமல் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

காலை: பெரிய கோவில்

1010-ம் ஆண்டில் ராஜராஜ சோழன் கட்டி முடித்த கோவில் இது. வெளிப் பிராகாரம் முழுக்கத் திறந்தவெளி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பத்து மணிக்கு மேல் கல்தரை சுட ஆரம்பித்துவிடும். பிஞ்சுப் பாதம் அந்தச் சூட்டைத் தாங்காது. எட்டு மணிக்கெல்லாம் உள்ளே இருங்கள். பையில் ஒரு ஜோடி தடிமனான சாக்ஸ் இருக்கட்டும்.

‘கட்டி ஆயிரம் வருஷமாச்சு’ என்றால் குழந்தைக்குப் புரியாது. ‘‘இந்த நந்தி எவ்ளோ பெரிசு பாரு! ஒரே கல்லுல செஞ்சது’’ என்று சொல்லுங்கள், கண்ணை விரித்துக்கொண்டு பார்க்கும். இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் விமானத்தை நிழலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

கூட்டத்தில் கை நழுவிப் போகலாம். உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டைக் குழந்தையின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். அன்றைய உடையோடு காலையிலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், தேட வேண்டி வந்தால் உதவும்.

நடுப்பகல்: நிழலும் தூக்கமும்

மதியம் கோவில் நடையையே சாத்திவிடுகிறார்கள். நமக்கும் அதுதான் ஓய்வு நேரம். பதினொன்றரையிலிருந்து மூன்றரை வரை வெயிலில் அலைய வேண்டாம். சில மணி நேரத்துக்கு ஒரு ரூம் போட முடிந்தால் நல்லது. இல்லையென்றால் உறவுக்காரர் வீடு, மின்விசிறி உள்ள ஓட்டல், ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறை என்று எதுவானாலும் சரி. காரில் போயிருந்தால், ‘தூங்கறானே, எழுப்ப வேண்டாம்’ என்று குழந்தையை உள்ளே விட்டு இறங்கவே கூடாது. சில நிமிஷங்களில் கார் அடுப்பாகிவிடும்.

சாப்பாடு சூடாக இருக்கட்டும். நறுக்கி வைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம். நீங்களே உரித்துத் தரும் வாழைப்பழம், ஆரஞ்சு, கண்ணெதிரே சீவித் தரும் இளநீர் நல்லது. வீட்டிலிருந்து கொண்டுபோன, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைக் கேட்காமலே அரை மணிக்கு ஒரு தடவை நாலு வாய் குடிக்க வையுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று போட்டிருந்தால் முழு பாக்கெட்டையும் முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிப்போய்க் கெடுதல் செய்யும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

சாயங்காலம்: அரண்மனை

வெயில் தணிந்ததும் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சோழர் காலத்து வெண்கலச் சிலைகளைக் காட்டுங்கள். மூடும் நேரத்தைக் காலையிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை சோர்வாக இருக்கிறதா? சிலையை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம், ஊருக்குத் திரும்பிவிடுங்கள்.

இவற்றைக் கண்டால் கவனம்!

* ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது அடர் மஞ்சளாகப் போகிறது
* உதடு, நாக்கு உலர்ந்திருக்கிறது. அழுதால் கண்ணீர் வரவில்லை
* தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான சோர்வு

இப்படி இருந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தேறவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

உடம்பு அனலாகக் கொதித்து, குழந்தை உளறினாலோ, வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டால் கண் திறக்காவிட்டாலோ அது வெப்ப மயக்கத்தின் ஆபத்தான கட்டம். 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மருந்து இந்தச் சூட்டைக் குறைக்காது.

திரும்பும்போது குழந்தைக்கு ஒரு தஞ்சாவூர் பொம்மை வாங்கிக் கொடுங்கள். அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால், எத்தனை தடவை தள்ளினாலும் அது எழுந்து நிற்கும். குழந்தையின் உடம்பு அப்படி இல்லை. அது விழுவதற்கு முன்பே நாம்தான் உட்கார வைக்க வேண்டும். பார்க்காமல் விட்ட சரஸ்வதி மகால் எங்கேயும் போய்விடாது, அடுத்த லீவுக்குப் பார்த்துக்கொள்ளலாம்!