சமுத்திரம் ஏரியிலிருந்து பண்ணைக் கடலுக்கு

எங்கள் ஊரில் சமுத்திரம் என்றால் அது ஏரி. திருவண்ணாமலைக்காரனுக்குக் கடல் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டும், நூறு கிலோமீட்டருக்கு மேல். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன், பாஸ்போர்ட்டையும் ஒரு தூண்டில் கட்டையையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு மீன் பிடிக்கப் போனான் என்றால் வீட்டிலேயே சிரிப்பார்கள். சிரித்தார்கள்.

காரணம் என் நண்பன். 1990இல் போரின்போது இலங்கையிலிருந்து படகில் வந்து, எங்கள் மாவட்டத்து அகதி முகாமில் வளர்ந்தவன். எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சமுத்திரம் ஏரிக்கரையில் நாங்கள் தக்கையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். அவன் மட்டும் தக்கை இல்லாமல், தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஜிலேபி மீன் பிடிப்பான். "மீன் கடிக்கிறது விரலுக்குத் தெரியும்டா" என்பான். போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து ஊருக்குத் திரும்பிவிட்டான். இப்போது நாவாந்துறையில் இருக்கிறான். "ஒருக்கா வாடா" என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டதும் எனக்குச் சாக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தச் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, மழைக்காலம் வந்ததும் சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது.

முதல் தப்பு, நாள் பார்க்காமல் கிளம்பியது. திருவண்ணாமலைக்காரன் பௌர்ணமியை மறப்பானா என்று கேட்காதீர்கள், மறந்தேன். சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள் கிளம்பினேன். ஊருக்குள் வரும் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட, கிரிவலத்துக்கு லட்சம் பேர் உள்ளே வருகிற பாதையில் நான் ஒருத்தன் பையோடு வெளியே நடந்தேன். விழுப்புரம், கடலூர், சிதம்பரம் என்று மாறி மாறி நாகை சேரும்போது நள்ளிரவு. அது போதாதென்று அந்தப் பௌர்ணமிதான் அங்கே பௌத்தர்களின் வெசாக் திருநாள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, வெசாக்குக்கு இரண்டு நாள். வங்கி கிடையாது. இறங்கியதும் பணம் மாற்றலாம் என்று இருந்தவன் முதல் இரண்டு நாளும் நண்பன் கையை எதிர்பார்த்தேன். போகிறவர்கள் காலண்டரில் பௌர்ணமியைச் சுழித்துவிட்டு மற்ற நாளைப் பாருங்கள்.

இரண்டாவது, விசா. கப்பல் டிக்கெட் எடுத்தால் அதிலேயே எல்லாம் வந்துவிடும் என்று ஒரு நினைப்பு நம் ஆட்களுக்கு இருக்கிறது. வராது. இலங்கை அரசின் இணையதளத்திலேயே மின்விசாவுக்கு முன்கூட்டி விண்ணப்பித்துவிட வேண்டும். தங்கப்போகும் இடத்தின் முகவரியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முள், கத்தி, ஈயக்குண்டு எதுவும் கைப்பையில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கப்பலை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கடலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வழியில் எல்லைக்கோடு வரும் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட கோடு. அதைத் தாண்டியதாகச் சொல்லித்தான் மீனவர்கள் கைது என்று வாரந்தோறும் பேப்பரில் படிக்கிறோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் எனக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த பெரியவர்தான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

காங்கேசன்துறையில் அதிகாரி எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "மீன் பிடிக்க" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த வார்த்தை ஓர் இந்தியத் தமிழன் வாயிலிருந்து அந்த இடத்தில் எப்படிக் கேட்கும் என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. "நண்பனைப் பார்க்க" என்றேன். அதுவும் உண்மைதானே.

மறுநாள் விடிகாலையில் நண்பன் பண்ணைப் பாலத்துக்குக் கூட்டிப் போனான். யாழ்ப்பாணத்தையும் வேலணைத் தீவையும் இணைக்கும் சாலை அது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத களப்பு. கரையோரம் ஆட்கள் தூண்டிலோடு நிற்பார்கள். போவதற்கு முன் உள்ளூர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தான். "கரையில நின்னு தூண்டில் போடுறதுக்கு ஏன்டா சங்கம்?" என்றதற்கு, "நீ இந்தியாக்காரன்டா" என்றான். அவ்வளவுதான் விளக்கம். வள்ளத்தில் ஏறவே கூடாது என்றும் சொல்லிவிட்டான். நீங்களும் யார் ஆசை காட்டினாலும் கரையை விடாதீர்கள்.

தூண்டில் விஷயத்தில் நான் கொண்டுபோனது எதுவும் உதவவில்லை. நாக்குப்பூச்சிக்கு அங்கே வேலை இல்லை. ஏரிக்கு வாங்கிய முள் உப்புத்தண்ணீரில் இரண்டே நாளில் துருப்பிடித்தது. டவுனில் கடல் முள்ளும் தடித்த நரம்பும் வாங்கினோம். இரைக்கு இறால், கணவாய்த் துண்டு. ஓரா மீனுக்குப் பாண். பாண் என்றால் ரொட்டி. நனைத்துப் பிசைந்து சின்னதாக உருட்டிக் கோக்க வேண்டும். தண்ணீருக்குள் கம்பு நட்டிருக்கிற இடங்களில் வீசாதீர்கள். அது சிறகு வலையாக இருக்கும், இல்லாவிட்டால் கடலட்டைப் பண்ணையாக இருக்கும். இரண்டுமே யாருடைய சோறோ.

பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். என் பேச்சைக் கேட்டதுமே திரும்பினார்.

"தம்பி இந்தியாவிலை எவடம்?"

"திருவண்ணாமலைங்க."

"அங்கை கடல் இருக்கோ?"

"இல்லைங்கய்யா."

"அப்ப பயமில்லை. இதிலை நில்லுங்கோ."

அவர்தான் என் முதல் ஓராவை இழுக்கச் சொல்லிக்கொடுத்தார். இழுத்தேன். உள்ளங்கை அளவு மீன். நம்மூர் கெளுத்தி முள்ளுக்குப் பயந்து பழகியவன், இது பார்க்கச் சாதுவாக இருக்கிறதே என்று முதுகோடு சேர்த்துப் பிடித்துவிட்டேன். "உதைத் தொடாதேங்கோ!" என்று அவர் கத்துவதற்குள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. தேள் கொட்டியதுபோல் தோள் வரைக்கும் கடுத்தது. ஓராவின் முதுகு, வயிறு இரண்டு பக்கத் துடுப்பு முள்ளிலும் விஷம் உண்டு.

பெரியவர் பதறவில்லை. தேநீர்க் கடையிலிருந்து சுடுதண்ணீர் வாங்கிவரச் சொல்லி, விரலை அதில் அமிழ்த்தினார். இந்த விஷம் ஒரு புரதம், சூட்டில் சிதைந்துவிடும். பொறுக்கக்கூடிய சூட்டில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி இறங்கிவிடும். ஒன்று மட்டும் கவனம்: தண்ணீரின் சூட்டை நல்ல கையால் தொட்டுப் பாருங்கள். மரத்துப்போன விரலுக்குக் கொதிப்பது தெரியாது, வெந்துவிடும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் சுடுதண்ணீரோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

விரலைத் தண்ணீரில் வைத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில்தான் பேச்சு வந்தது. போர்க்காலத்தில் கடலுக்குப் போகவே தடை இருந்ததை, இறங்கிய நேரத்தில் சுட்டதை, 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை போட்டதை அவர் சொன்னார். அதைவிட அதிகம் சொன்னது றோலர் பற்றி. நம் இழுவைப்படகுக்கு அங்கே அதுதான் பெயர். இரவில் வரிசையாக விளக்கு தெரியும். தெரிந்தால் கடலுக்குப் போகமாட்டார்கள். போட்டுவிட்டு வந்த வலை காலையில் துண்டு துண்டாகக் கிடக்கும். இழுவை மடி கடலின் அடித்தரையையே வழித்துக்கொண்டு போவதால் குஞ்சும் மிஞ்சாது. இலங்கை 2017இல் அந்த முறையையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

நான் இதுவரை இந்தக் கதையை ஒரு பக்கமாகத்தான் கேட்டிருந்தேன். கைது, படகு பறிமுதல், ராமேஸ்வரத்தில் வேலைநிறுத்தம். அதுவும் பொய்யில்லை. சிறையில் இருப்பவன் பெரும்பாலும் கூலிக்குப் போனவன், படகு முதலாளி இல்லை. அதைப் பெரியவரிடம் சொன்னேன். "தெரியும் தம்பி, அவையளும் எங்கட ஆக்கள்தான்" என்றார். பிறகு, "உங்கட அரசாங்கம் மீன் இனப்பெருக்கத்துக்கெண்டு றோலரை மறிச்சு வைக்கிற இந்த ரெண்டு மாசந்தான் எங்களுக்கு நித்திரை" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நான் தற்செயலாக அந்த நாளில் போயிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் தூண்டில் போடப் போகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: எந்த ஊர் என்று கேட்டால் நிதானமாகப் பதில் சொல்லுங்கள். மீனைப் பற்றிக் கேளுங்கள், கடலைப் பற்றி நீங்கள் சொல்லாதீர்கள். பிடித்ததில் கொஞ்சம் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுங்கள்.

நான்கு நாளில் எனக்குக் கிடைத்தது மொத்தம் பதினோரு மீன். எல்லாம் நண்பன் வீட்டு ஒடியல் கூழுக்குள் போனது. நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிப் பார்த்தேன். கட்டைவிரல் வீங்கியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

கிளம்பும் நாள் காலையில் பெரியவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த விபூதிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். நெற்றியில் பூசிக்கொண்டு சொன்னார்.

"அடுத்தமுறை வரேக்கை ஒரு றோலர் முதலாளியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ தம்பி. தூண்டிலோடை."

சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தேன். மாலையில் நாகையில் இறங்கியபோது, தடைக்காலப் படகுகள் துறையில் நெருக்கியடித்து நின்றிருந்தன. இரண்டு பேர் ஒரு படகின் பக்கவாட்டில் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.