கம்பியில்லா வலையமைப்புக்குப் பணம் கேட்குமுன்

அறுவடைக் காலத்தில் எமது சங்கக் களஞ்சியங்களில் நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். நெல் மூடைகள் தராசில் ஏறுகின்றன. ஈரப்பதன் பார்க்கப்படுகிறது. நிறையையும் ஈரப்பதனையும் ஒரு துண்டில் எழுதி ஒரு பையனிடம் கொடுத்துக் கந்தோருக்கு அனுப்புகிறார்கள். அங்கே கணக்கப்பிள்ளை அதைப் பேரேட்டில் பதிந்து காசாளருக்குச் சொல்ல வேண்டும். அதுவரை வாடகைக்குப் பிடித்த உழவு இயந்திரம் பெட்டியுடன் வாசலில் நிற்கிறது. துண்டு மழையில் நனைந்தாலோ, 468 என்பது 408 என்று வாசிக்கப்பட்டாலோ, நட்டம் ஒரு குடும்பத்துக்கு. குத்தகைக் காணியில் கடன் பட்டு விதைத்த குடும்பத்துக்கு அறுபது கிலோ நெல் சிறிய விடயமன்று.

இப்படியான ஒரு நாளில்தான் யாராவது ஒரு பிள்ளை, "களஞ்சியத்துக்கும் கந்தோருக்கும் இடையில் வைபை போட்டால் என்ன?" என்று கேட்கிறது. நல்ல கேள்வி. செயற்குழு, "எழுதிக் கொண்டு வாருங்கள், பார்ப்போம்" என்கிறது. எதை எழுதுவது என்பதே இந்தப் பாடம்.

நாம் பார்த்த ஒரு முன்மொழிவு பத்துப் பக்கம் இருந்தது. அதில் ஆறு பக்கம் கருவியின் புகழ். எத்தனை அன்ரெனா, எவ்வளவு வேகம் என்றெல்லாம். அங்கத்தவர்கள் எத்தனை மணித்தியாலம் காத்திருக்கிறார்கள் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அது நிராகரிக்கப்பட்டது, சரியாகவே. பணம் கொடுப்பவருக்குக் கருவியைப் பற்றிச் சொல்லுமுன் குறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் குறையை எண்ணிக்கையாகச் சொல்ல வேண்டும்.

எண்ணுவதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒருவர் மூன்று நாட்கள் களஞ்சிய வாசலில் கொப்பியுடன் இருந்தால் போதும். ஒவ்வொரு குடும்பமும் தராசை விட்டு இறங்கிய நேரம், காசு கைக்கு வந்த நேரம், இரண்டையும் குறிக்கட்டும். சென்ற இரண்டு போகங்களிலும் எத்தனை துண்டுகள் தொலைந்தன, எத்தனை கணக்குகள் திருத்தப்பட்டன என்று பேரேட்டைப் புரட்டி எடுக்கட்டும். இந்த ஒரு பக்கம் இல்லாமல் மற்றப் பக்கங்களை எழுதத் தொடங்க வேண்டாம்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். வைபை என்றால் இணையம் என்று எம்மில் பலர் எண்ணுகிறோம். இரண்டும் வேறு. களஞ்சியத்துக் கணனி கந்தோர்க் கணனியோடு பேசுவதற்கு இணையம் தேவையில்லை. அதற்கு மாதக் கட்டணமும் இல்லை. வங்கியோடு அல்லது கொழும்பிலுள்ள கொள்வனவாளரோடு தொடர்பு வேண்டுமென்றால்தான் இணையக் கட்டணம் வரும். முன்மொழிவில் இவ்விரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒன்றாகக் கலந்து எழுதினால் மாதச் செலவைக் கண்டு சபை மிரளும், அல்லது அது மறைந்திருந்து பிறகு கழுத்தைப் பிடிக்கும்.

அடுத்து, வேறு வழிகள். நேர்மையான முன்மொழிவு இவற்றை மறைக்காது. கொள்வனவு நாட்களில் காசாளரையே ஒரு மேசையுடன் களஞ்சியத்துக்குக் கொண்டுபோய் இருத்தினால் என்ன? செலவு ஒரு மேசைதான். இந்தக் கேள்விக்கு எம்மிடம் தக்க பதில் இல்லையென்றால், கருவி வாங்கும் எண்ணத்தை அன்றே கைவிடுவது நல்லது. பதில் இருக்கவும் கூடும்: பாரமான இரும்புப் பெட்டியை நகர்த்த முடியாது, திறந்த களஞ்சியத்தில் பெருந்தொகையை வைத்திருப்பது ஆபத்து, ஒரே கணக்கப்பிள்ளை உரக் கடையையும் பார்க்க வேண்டும் என்பன போல. அப்படியானால் அதை எழுதுங்கள்.

இன்னொரு வழி கம்பி இழுப்பது. வழக்கமான செப்புக் கம்பி 100 மீற்றர் வரைக்குமே சரியாக வேலை செய்யும். அதற்கு மேல் இடையில் ஒரு கருவி வைக்க வேண்டும், அல்லது ஒளியிழைக் கம்பி போட வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் எமது பக்கத்து இடிமின்னலை நினைத்தால், இரண்டு கட்டடங்களுக்கிடையே செப்புக் கம்பி இழுப்பதற்கு மனம் ஒப்பாது. இவற்றைவிட எமக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. எமது சங்கங்கள் பல பிறர் காணியிலும் வாடகைக் கட்டடத்திலும் நடக்கின்றன. நிலத்தில் புதைத்த கம்பி காணிக்காரருக்கே மிஞ்சும். கம்பத்தில் பூட்டிய கருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். எதைத் தூக்கிக்கொண்டு போக முடியும், எதை விட்டுவிட்டுப் போக நேரும் என்று எமக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டணத்துக் கம்பனி எழுதும் முன்மொழிவில் இந்தக் காரணம் இராது. எமதில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு நல்ல உதாரணம். 2000களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கிராமத்துக் கண் பரிசோதனை நிலையங்களை அது கம்பியில்லா இணைப்பால் இணைத்தது. சில இணைப்புகள் பத்துக் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் சென்றன. கிராமத்து நோயாளி பட்டணம் போகாமலே வைத்தியரோடு முகம் பார்த்துப் பேசலாம் என்பதே அங்கே சொல்லப்பட்ட நியாயம். எமக்கு அதிலும் பயன்படக்கூடியது அவர்கள் 2008 இல் எழுதிய அனுபவம்: பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வானொலி அலையன்று, சீரற்ற மின்சாரம். ஆகவே மின்சாரத்துக்கு முன்மொழிவில் தனி இடம் கொடுப்போம். 2022 மார்ச் மாத இறுதியில் எமது நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். ஒரு சிறிய வைபைக் கருவி ஏறக்குறைய 10 வாற்று எடுக்கும் என்று வைத்தால், பத்து மணித்தியாலத்துக்கு 100 வாற்று-மணி. 12 வோல்ற்று, 20 அம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் பாதியை எடுத்தாலே இது கிடைத்துவிடும். ஆனால் கணனியும் தராசும் இதற்குள் அடங்கா. அவற்றுக்கு வேறாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கருவி வேலை செய்யுமா என்பதை விற்பவரின் வாயால் கேட்டு எழுத வேண்டாம். தகரக் கூரையும் இரும்புக் கம்பி வைத்த கொங்கிறீற்றுச் சுவரும் அலையை மறிக்கும். நெல்லும் மறிக்கும்! ஈரமுள்ள நெல் அலையை உறிஞ்சுவது. வெறுமையான களஞ்சியத்தில் அழகாக வேலை செய்த இணைப்பு, மூடைகள் முகடுவரை அடுக்கப்பட்டதும் தடுமாறலாம். ஆகவே பரிசோதனையைக் களஞ்சியம் நிறைந்திருக்கும்போது செய்யக் கேளுங்கள். இரு கட்டடங்களுக்கிடையிலான இணைப்புக்கு அன்ரெனாவை வெளியே, ஒன்றையொன்று பார்க்கும்படி, மரக்கிளை மறைக்காத உயரத்தில் வைப்பதே முறை.

இனிப் பணக்கணக்கு. பின்வருபவை வெறும் உதாரண எண்கள். உங்கள் கொப்பியிலுள்ளவற்றை இட்டுக்கொள்ளுங்கள். இரண்டு போகத்திலும் 50 கொள்வனவு நாட்கள், நாளொன்றுக்கு 40 குடும்பங்கள். துண்டு கொண்டுபோகும் பையனுக்கு நாளுக்கு அரை நாட் கூலி. ஒரு நாட் கூலி 2,500 ரூபா என்றால் ஆண்டுக்கு 62,500. பிழைத் திருத்தத்தால் சங்கம் இழப்பது 17,500. இரண்டும் சேர்ந்து 80,000. (பையனை வேறு வேலைக்கு அமர்த்தினால் அந்தக் கூலி மிச்சம் என்று எழுதக்கூடாது. பலர் இங்கே தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.) மறுபக்கத்தில் கருவிகள், கம்பம், மின்கலம், களஞ்சியத்துக்குப் பழைய கணனி ஒன்று, பயிற்சி எல்லாமாக 300,000, ஆண்டுப் பராமரிப்பும் புதிய மின்கலத்துக்கான சேமிப்பும் 30,000. ஆண்டுக்கு மிஞ்சுவது 50,000. போட்ட பணம் திரும்ப ஆறு ஆண்டுகள். கருவியின் ஆயுளை ஐந்து ஆண்டு என்று வைத்தால், சங்கத்துக்கு 50,000 ரூபா நட்டம்.

பலர் இந்த இடத்தில் எண்களைத் "திருத்தத்" தொடங்குவார்கள். திருத்த வேண்டாம். நட்டம் என்றே எழுதி, அதற்குக் கீழே மற்ற உண்மையையும் எழுதுங்கள். ஆண்டுக்கு 2,000 தடவை குடும்பங்கள் வாசலில் நிற்கின்றன. அதில் பாதித் தடவை வாடகை இயந்திரம் நிற்கிறது. ஒரு மணித்தியாலம் குறைந்தால் தடவைக்கு 200 ரூபா மிஞ்சும் என்றால், அங்கத்தவர் கையில் ஆண்டுக்கு 200,000 ரூபா நிற்கும். இது சங்கப் பெட்டிக்குள் வராத பணம். சங்கத்தின் பணப்பெட்டியா, அங்கத்தவரின் மடியா என்பதை முகாமையாளர் தனியே தீர்மானிக்க முடியாது. அது பொதுச்சபைக்குரிய கேள்வி. இரண்டு கணக்கையும் தனித்தனியே பார்த்த சபை, தடவைக்குப் பத்து ரூபா கொடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒப்பக்கூடும். கலந்து காட்டினால் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

கூறுவிலை குறைந்தது மூன்று எடுங்கள்; ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் செல்லுபடி என்ற திகதியைக் கேளுங்கள். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 350க்கு மேல் போனபோது பழைய கூறுவிலைகள் வெறுங் கடதாசியாயின. கருவி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்றும் கேட்க வேண்டும்.

பாதுகாப்புக்கும் ஒரு பந்தி வேண்டும். அங்கத்தவரின் பெயரும் கடனும் அந்த அலையில் போகின்றன. மதிலுக்கு வெளியே நிற்பவருக்கும் அலை எட்டும். 1997 இல் வந்த முதற் பூட்டு முறையாகிய டபிள்யூ.இ.பி. 2001 அளவிலேயே உடைக்கப்பட்டுவிட்டது. டபிள்யூ.பி.ஏ.2 அல்லது அதற்குப் பிந்திய டபிள்யூ.பி.ஏ.3 உள்ள கருவியையே கேளுங்கள். கருவியோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்ற வேண்டும். பேரேட்டின் பிரதியை வாரம் ஒருமுறை வேறிடத்தில் வைப்பது யார் என்றும் எழுதுங்கள். வலையமைப்பு கணக்கை அனுப்புமே தவிர, காப்பாற்றித் தராது.

பெரிய தொகை கேட்குமுன் சிறிதாகச் செய்து பார்க்கலாம். இரண்டு கைத்தொலைபேசிகளால் ஒரு வாரம் துண்டுகளைப் படமெடுத்துக் கந்தோருக்கு அனுப்பிப் பாருங்கள். காத்திருப்புக் குறைகிறதா? குறையவில்லையென்றால் தாமதம் வேறெங்கோ இருக்கிறது. ஒருவேளை காசாளரின் மேசையில்.

கடைசிப் பக்கத்தில் பொறுப்புகள். கருவி யார் பெயரில் பதிவு, கடவுச்சொல் எந்த இருவரிடம், பழுதானால் யாரை அழைப்பது. அதோடு, சங்கம் இடம் மாற நேர்ந்தால் எதை யார் கழற்றுவது, எந்தப் பெட்டியில் வைப்பது, எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது என்று பெயர்களோடு எழுதி, அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு பிரதியை வைத்துவிடுங்கள்.