அரக்கு அல்ல, மரத்தின் பால்!
இரண்டு ஜப்பானியப் பேழைகள் கற்றுத் தரும் பாடம்

'லாக்கர்' வேலைப்பாடு என்றதும் நம் நினைவுக்கு வருவது அரக்கு. சன்னபட்டணத்து மரப் பொம்மைகளின் பளபளப்பு அரக்கினால் வந்தது. ஒரு சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரந்து வைக்கும் பிசின்தான் அது. 'லாக்ஷா' என்ற வடசொல்லே பல மொழிகளில் புகுந்து, போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்தில் 'லாக்கர்' ஆயிற்று. கிழக்காசியாவின் பூச்சையும் ஐரோப்பியர் அதே பெயரால் அழைத்தனர். ஆனால் ஜப்பானியப் பூச்சுக்கும் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லை. அது ஒரு மரத்தின் பால். ஜப்பானியர் அதை 'உருஷி' என்பர்.

உருஷி மரம் மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் புண்ணாகும் என்பது நம் பாட்டிமார் அறிந்தது. உருஷிப் பாலும் அப்படியே. பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தின் பட்டையைக் கீறி, ஒரு பருவம் முழுவதும் சொட்டுச் சொட்டாகச் சேகரித்தால் கிடைப்பது ஏறத்தாழ 200 கிராம்தான்.

ஈரத்தில் இறுகும் விந்தை

சாதாரண வண்ணம் காய வெயிலையும் காற்றையும் தேடுவோம். உருஷிக்கு வேண்டியது ஈரம்! 20 முதல் 25 டிகிரி வெப்பமும் 70 முதல் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள அலமாரிக்குள் பொருளை வைப்பார்கள். பாலிலுள்ள ஒரு நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு அதன் மூலக்கூறுகளைப் பின்னிப் பிணைக்கிறது. பூச்சு உலர்வதில்லை, இறுகுகிறது. நன்கு இறுகிவிட்டால் தோலை உறுத்தாது. தண்ணீரும் சாராயமும் அதை எளிதில் கரைக்க மாட்டா. நம் அரக்கோ சாராயத்தில் கரைந்துவிடும்.

மெல்லிய பூச்சு ஒன்று, இறுகவிடல், தேய்த்து மெருகிடல், மீண்டும் பூச்சு என்று பல அடுக்குகள் ஏறும். பிறகு அலங்காரம். ஈர உருஷியால் சித்திரம் வரைந்து, அதன்மேல் பொன்தூள் தூவுவது 'மகி-எ'. சிப்பியின் ஒளிரும் உட்புறத்தை மெல்லிய தகடாக நறுக்கிப் பதிப்பது 'ராதென்'.

பிரிந்த சகோதரர்கள்

இக்கலையின் உச்சம் என்று சொல்லத்தக்க இரண்டு பேழைகள் சுமார் 1640இல் கியோட்டோவில் செய்யப்பட்டன. ஐரோப்பாவுக்காகவே செய்தவை. அக்காலத்தில் ஜப்பானில் வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஐரோப்பியர் டச்சுக்காரர் மட்டுமே. 'கெஞ்சியின் கதை' என்னும் பழைய ஜப்பானிய நாவலின் காட்சிகளைப் பொன்னிலும் வெள்ளியிலும் சிப்பியிலும் இப்பேழைகளில் காணலாம். ஒன்றின் சாவியில் பிரெஞ்சு மஸரான் குடும்பத்தின் சின்னம் உள்ளதால் 'மஸரான் பேழை' என்ற பெயர் வந்தது.

பின்னாளில் இரண்டும் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் பிரபு குடும்பத்திடம் இருந்தன. 1882இல் அக்குடும்பத்தின் சேகரம் ஏலம் போனபோது பிரிந்தன. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள சிறியது லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போனது. பெரியது கைமாறிக் கைமாறி, 1941க்குப் பின் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மியூசியத்தார் பல ஆண்டுகள் தேடினார்கள்.

அது லண்டனிலேயே இருந்தது! 1970இல் ஒரு பிரெஞ்சு எஞ்சினியர் அதை நூறு பவுண்டுக்கு வாங்கினார். அவர் வீட்டில் அதன்மேல் டெலிவிஷன் வைக்கப்பட்டது. பிரான்சுக்குத் திரும்பிய பின் அதுவே மதுப் புட்டிகளை வைக்கும் பெட்டியாயிற்று. 2013இல் ஏலத்துக்கு வந்தபோதுதான் அது இன்னதென்று உலகுக்குத் தெரிந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் 73 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது.

வெளிச்சம் என்னும் எதிரி

சாராயத்துக்கு அஞ்சாத உருஷி, சூரிய ஒளிக்குத் தோற்றுவிடும். ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்குகின்றன. மெருகு மங்குகிறது, பிறகு தண்ணீர் பட்டாலும் கறை படிகிறது. அறைக்காற்று மிக வறண்டால் மரம் சுருங்கிச் சிப்பித் துண்டுகள் எழும்பிவிடும். லண்டன் பேழைக்கும் ஒளியால் இக்கதி நேர்ந்தது.

அதை எப்படிச் செப்பனிடுவது? புதிய உருஷியை வெடிப்புகளில் ஊறவிடுவது ஜப்பானிய மரபு. அப்படிச் செய்தால் மெருகும் உறுதியும் திரும்பும். ஆனால் ஊறியதை மீண்டும் எடுக்க முடியாது. பின்னால் வருபவர் நீக்கக்கூடிய பொருளையே இட வேண்டும் என்பது மேலைநாட்டு மியூசியங்களின் கொள்கை. 2004இல் தொடங்கிய ஆய்வில் இரு நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து இந்தக் கேள்வியை ஆராய்ந்தார்கள். ஒன்று பொருளைத் தொடர்ந்து வாழவைக்கும் வழி. மற்றது அதை உள்ளபடியே காக்கும் வழி. இரண்டிலும் நியாயம் உண்டு.

உங்கள் வீட்டில் பழைய லாக்கர் பெட்டி இருந்தால் ஜன்னல் வெயிலிலிருந்தும், ஏ.சி., ஹீட்டர் காற்று நேராகப் படும் இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். ஸ்பிரிட் கலந்த பாலிஷ் போடாதீர்கள். அரக்குப் பூச்சாயின் கரைந்தே போகும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசு தட்டினால் போதும். விற்பதற்கு முன்போ, புதுப்பிப்பதற்கு முன்போ, விஷயம் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரு வீட்டின் நடுவிலேயே இருந்த பேழையை அங்கே வந்துபோன எவரும் அடையாளம் காணவில்லை என்பதை மறக்க வேண்டாம்.