ஆழாக்கும் கிராமும்

சென்ற தீபாவளிக்கு ஊர் செல்ல இயலாமல் பெங்களூரிலேயே தங்கிவிட்ட நாங்கள் நால்வர், அறையில் மைசூர்பாகு கிளறத் துணிந்தோம். மைசூர் அரண்மனைச் சமையற்கூடத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் பண்டத்தைக் கருநாடக மண்ணிலேயே கெடுக்கும் பேறு எங்களுக்குக் கிட்டியது!

அம்மா தொலைபேசியில் சொன்ன கணக்கு இது: “ஓர் ஆழாக்குக் கடலைமாவுக்கு இரண்டு ஆழாக்குச் சர்க்கரை, இரண்டு ஆழாக்கு நெய்.” அறையில் ஆழாக்கு ஏது? எலக்ட்ரானிக் தராசு ஒன்று இருந்தது. அறிவியல் மாணவன் என்ற இறுமாப்பில் மாவு 100 கிராம், சர்க்கரை 200, நெய் 200 என நிறுத்துப் போட்டேன். பாகு போதவில்லை, பச்சைமாவு வாசனையோடு புட்டுப் போல் உதிர்ந்தது. நண்பர்கள் கரண்டியால் அள்ளித் தின்றார்கள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

பிழை எங்கே? ஆழாக்கு இடத்தை அளக்கிறது. கிராம் எடையை அளக்கிறது. இரண்டையும் இணைப்பது அடர்த்தி. மாவிலும் தானியத்திலும் துகள்களுக்கிடையே சிக்கிய காற்றும் இடம் பிடிப்பதால், அதையும் சேர்த்துப் ‘பரும அடர்த்தி’ என்று கணக்கிடுவோம். ஒரு மில்லி லிட்டர் கடலைமாவு ஏறத்தாழ 0.45 கிராம்தான். சர்க்கரை 0.84, உருகிய நெய் 0.91, அரிசி 0.8. பொரியோ 0.06 அளவே, அதைப் படியால் அளந்து விற்பதில் வியப்பென்ன?

ஓர் ஆழாக்கை ஏறத்தாழ 168 மில்லி லிட்டர் என்பர். பெருக்கிப் பாருங்கள்: மாவு 75 கிராம், சர்க்கரை 280, நெய் 305. அம்மாவின் ‘ஒன்றுக்கு இரண்டு’ தராசில் ஏறத்தாழ ஒன்றுக்கு நான்காகிவிடுகிறது! நான் சர்க்கரையில் பாதியைத் திருடியிருக்கிறேன்.

வீட்டுக்கார அம்மையார் கதை கேட்டுச் சிரித்துவிட்டுத் தம்முடைய ‘பாவு’ ஒன்றைக் கொடுத்தார். நான்கு பாவு ஒரு சேர் என்பது கன்னட நாட்டு வழக்கு. ஆழாக்கும் பாவும் ஒன்றல்ல. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் விகிதம் கெடாது. அன்று மாலையே மறுபடி கிளறினோம். துண்டு விழுந்தது.

1956-இல் எடை அளவுச் சட்டம் இயற்றப்பெற்று, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கடைகளில் கிலோ குடியேறியது. அடுக்களையில் ஆழாக்கு நின்றது. கடைக்குத் தராசே நியாயம். குவித்தளப்பதும் தலைதட்டுவதும் அளப்பவன் கையில் அல்லவா இருக்கின்றன!

உங்கள் அறைக்கும் ஓர் அட்டவணை வேண்டுமா? டம்ளரை வெறுமையாக நிறுத்துக்கொள்ளுங்கள். விளிம்புவரை நீர் ஊற்றி மறுபடி நிறுங்கள். கூடிய கிராம்தான் ஏறத்தாழ அதன் மில்லி லிட்டர். பின்பு ஈரம் துடைத்து, பொருளைத் தலைதட்டி நிரப்பி நிறுத்து, பொருளின் எடையை நீரின் எடையால் வகுக்கவும். மாவைச் சலித்த பிறகே அளவுங்கள். குலுக்கினால் அமுங்கி, எண் ஏறிவிடும். ரைஸ் குக்கரோடு வரும் கிண்ணம் பெரும்பாலும் 180 மில்லி லிட்டர். ஆழாக்குக்கு அண்மையான உறவு.

உப்பில் மட்டும் எச்சரிக்கை. ஒரு தேக்கரண்டிப் பொடியுப்பு ஏறத்தாழ 6 கிராம். கல்லுப்பு அதே கரண்டியில் அதைவிடக் குறைவாகவே கொள்ளும். வீட்டில் கல்லுப்புக்குச் சொன்ன கணக்கைப் பொடியுப்புக்கு வைத்துச் சாம்பாரைக் கடலாக்கிவிடாதீர்கள்.