விடுமுறைக் கால வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

ஆண்டு இறுதி நெருங்கும்போது கோத்தா திங்கியில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும். ஜொகூர் ஆறு கரை தொட்டு ஓடத் தொடங்கும். அதே வேளையில், பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு கேள்வி எழும். நீண்ட விடுமுறையில் பிள்ளையை எந்த வகுப்புக்கு அனுப்புவது? மேலை நாடுகளில் கோடைக்காலத்தில் எழும் இக்கேள்வி, கோடை என்று தனிப் பருவம் இல்லாத மலேசியாவில் பள்ளி ஆண்டின் இறுதியில் எழுகிறது. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் தள்ளிப்போன பள்ளி ஆண்டின் தொடக்கம் 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியதால், ஆண்டு இறுதி விடுமுறையும் மழைக்காலமும் முன்போல ஒன்றாக வருகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். பட்டணத்திலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வாழும் ஒரு குடும்பம். தந்தை தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். தாய் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த மகன், அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளியில் படிவம் 1இல் சேரவிருக்கிறான். கணிதத்தில் அவன் பின்தங்கியிருக்கிறான். விடுமுறை வகுப்புக்கென்று பெற்றோர் சிறிது பணம் சேர்த்து வைத்துள்ளனர். அந்தப் பணம் ஒருமுறைதான் செலவாகும்; அந்த விடுமுறையும் ஒருமுறைதான் வரும். ஆகவே, தேர்வு பிழைக்கக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு இருக்கிறது.

விடுமுறையில் மறப்பது எவ்வளவு?

கற்றதைத் திரும்பப் பார்க்காவிட்டால் மறதி விரைவாக வரும் என்பதை ஜெர்மானிய அறிஞர் எர்மான் எபிங்காவுஸ் 1885ஆம் ஆண்டிலேயே தம் சோதனைகளால் காட்டினார். அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கோடை விடுமுறைக்குப் பின் மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் பாட அளவுக்குப் பின்தங்கியிருந்தனர் என்றும், வாசிப்பைவிடக் கணிதத்தில் இழப்பு அதிகம் என்றும் அது கூறியது. இழப்பின் அளவைப் பற்றிப் பின்னர் வந்த ஆய்வாளர்கள் சிலர் ஐயம் எழுப்பியுள்ளனர். எனினும், நீண்ட நாள் பயிற்சி விட்டுப்போன கணக்கு கையைவிட்டு நழுவுவதை ஆசிரியர்கள் ஒவ்வோர் ஆண்டும் காண்கின்றனர்.

கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில் ஆகிய ஆய்வாளர்கள், பால்டிமோர் நகரில் 1982இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த ஏறத்தாழ 800 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பள்ளி நடைபெறும் மாதங்களில் வசதியுள்ள பிள்ளைகளும் வசதி குறைந்த பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறினர். இடைவெளி பெரும்பாலும் விடுமுறையில்தான் கூடியது. வசதியுள்ள வீட்டில் நூல்கள், பயணங்கள், கூடுதல் வகுப்புகள் ஆகியவற்றால் கற்றல் தொடர்ந்தது. மற்ற வீடுகளில் பள்ளிக் கதவோடு சேர்ந்து கற்றலும் அடைபட்டது.

இந்த உண்மையை மலேசிய இந்தியச் சமூகமும் உணர்ந்திருந்தது. அதே 1982ஆம் ஆண்டில், மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளராக இருந்த டாக்டர் மு. தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். தனியார் வகுப்புக்கு வசதியற்ற இந்திய மாணவர்களையும் மனத்தில் கொண்ட அந்நிலையம், நாட்டின் பல ஊர்களில் வகுப்புகளை நடத்தி வந்துள்ளது. ஆண்டுதோறும் பத்துமலையில் அது நடத்தும் கல்வி யாத்திரை, படிப்பைக் குடும்பம் முழுவதும் சேர்ந்து எடுக்கும் ஓர் உறுதிமொழியாக மாற்றியது.

முதலில் குறையை அறிதல்

எடுத்துக்காட்டில் கண்ட தாய், எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பள்ளி ஆசிரியையிடம் கேட்கிறார். “எந்த வகுப்பு நல்லது டீச்சர்?” என்பது அவருடைய கேள்வி. “அவன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று முதலில் பார்ப்போம் அம்மா,” என்று ஆசிரியை பதில் கூறுகிறார்.

ஆசிரியை ஒரு கணக்கைக் கொடுக்கிறார். நான்கில் மூன்று பங்கு நீர் உள்ள தொட்டியிலிருந்து, தொட்டியின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு நீர் எடுக்கப்படுகிறது. மீதம் எவ்வளவு? மகன் மேல் எண்களைக் கழித்து 2 என்றும், கீழ் எண்களைக் கழித்து 1 என்றும் எழுதி, விடை 2 என்கிறான். முழுத் தொட்டியே 1தான் என்பதையும், முக்கால் தொட்டியிலிருந்து நீரை எடுத்தபின் இரண்டு தொட்டி நீர் மீந்திருக்க முடியாது என்பதையும் அவன் எண்ணிப் பார்க்கவில்லை. பகுதி எண்களை முதலில் 12 எனச் சமமாக்கி, 9/12இலிருந்து 4/12ஐக் கழித்து 5/12 என்று காணும் முறை அவனுக்குப் பிடிபடவில்லை.

அடுத்து, எளிய கணக்கு ஒன்றை ஆசிரியை மலாய்மொழியில் எழுதிக் காட்டுகிறார். தமிழில் எளிதாகச் செய்த அதே வகைக் கணக்கில் அவன் விழிக்கிறான். பின்னம் என்பது ‘பெச்சாஹான்’, தசமம் என்பது ‘பெர்புலுஹான்’, விழுக்காடு என்பது ‘பெராத்துஸ்’ என அவன் அறியவில்லை. படிவம் 1இல் கணிதம் மலாய்மொழியில் கற்பிக்கப்படும்போது, கணக்குத் தெரிந்தும் கேள்வி புரியாமல் அவன் தோற்கக்கூடும்.

கால் மணி நேரத்தில் இரண்டு குறைகள் தெரிந்துவிட்டன. ஒன்று, பின்னக் கழித்தல். மற்றொன்று, மலாய்க் கணிதச் சொற்கள். ‘கணிதத்தில் பலவீனம்’ என்ற பொதுவான கவலை, சரிசெய்யக்கூடிய இரண்டு வேலைகளாகச் சுருங்கியது. ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும், மூன்றாம் படிவப் பிதி3 தேர்வு 2022இலும் அகற்றப்பட்ட பின், பிள்ளையின் நிலையை அறிய வகுப்பறை மதிப்பீடும் பெற்றோருக்குத் துணை. அதில் 1 முதல் 6 வரை குறிக்கப்படும் அடைவுநிலையைப் பார்ப்பதோடு, எத்திறனில் அந்நிலை குறைந்துள்ளது என்பதையும் ஆசிரியரிடம் கேட்டறிவது நன்று.

வகுப்புகளை ஒப்பிடுதல்

அக்குடும்பத்தின் முன் மூன்று வாய்ப்புகள் உள்ளன எனக் கொள்வோம். முதலாவது, பட்டணத்தில் உள்ள பெரிய நிலையம். ஆறு வாரத்தில் வாரம் ஐந்து நாள், 40 மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்தி, படிவம் 1இன் எல்லாப் பாடங்களையும் அது முன்கூட்டியே நடத்துகிறது. இரண்டாவது, அருகில் உள்ள ஒரு சிறு வகுப்பு. எட்டு மாணவர்களுக்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், கணிதமும் மலாய்மொழியும் மட்டும் அங்குக் கற்பிக்கப்படுகின்றன. மூன்றாவது, கைப்பேசியில் பார்க்கும் பதிவு செய்யப்பட்ட பாடங்கள்.

முதலில் செலவைக் கணக்கிடலாம். பட்டண நிலையத்தின் கட்டணம் 300 ரிங்கிட். அதனுடன் 30 நாள்களுக்கு, நாளுக்கு 8 ரிங்கிட் வீதம் பயணச் செலவு 240 ரிங்கிட். உணவுக்கு 6 ரிங்கிட் வீதம் 180 ரிங்கிட். மொத்தம் 720 ரிங்கிட். சிறு வகுப்பின் கட்டணம் 180 ரிங்கிட். சைக்கிளிலேயே சென்று வரலாம். விளம்பரத்தில் காணும் கட்டணம் 300க்கும் 180க்கும் உள்ள வேறுபாட்டையே காட்டும். குடும்பம் உண்மையில் செலுத்தும் தொகை நான்கு மடங்கு வேறுபடுகிறது.

அடுத்தது வருகை. அமெரிக்காவின் ஐந்து நகர்ப்புறப் பள்ளி வட்டாரங்களில் 2013இல் தொடங்கிய ஓர் ஆய்வை ராண்ட் நிறுவனம் நடத்தியது. ஐந்து அல்லது ஆறு வாரம் நடந்த இலவசக் கோடை வகுப்புகள் அந்த ஆண்டின் இறுதிக்குள் கணிதத்தில் பயன் தந்தன. வாசிப்பில் அத்தகைய பயன் தெளிவாகத் தெரியவில்லை. குறைந்தது 20 நாள் வகுப்புக்கு வந்தவர்களிடமே முன்னேற்றம் கூடுதலாகக் காணப்பட்டது. ஒழுங்காக வருபவர் இயல்பிலேயே ஆர்வம் மிக்கவராக இருக்கலாம் என்பதையும் மறுக்க முடியாது. இருப்பினும், இடையிடையே விட்டுப்போகும் வகுப்பு பலன் தராது என்பதை அந்த ஆய்வு நினைவூட்டுகிறது.

இந்த இடத்தில் கோத்தா திங்கியின் மழையையும் கருத வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து ஏற்பட்ட பெருவெள்ளத்தில் பட்டணம் மூழ்கியதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. எல்லா ஆண்டும் அவ்வாறு நேர்வதில்லை. ஆனால், சாலையில் நீர் ஏறும் நாளில் 25 கிலோமீட்டர் சென்று படிப்பது இயலாது. ஆகவே, மழையால் வகுப்பு நின்றால் அது வேறு நாளில் நடத்தப்படுமா, கட்டணம் திருப்பித் தரப்படுமா, இயங்கலையில் தொடருமா என்று முன்கூட்டியே கேட்பது அவசியம்.

கைப்பேசிப் பாடங்கள் மழைக்கு அஞ்சாதவை; செலவும் குறைவு. ஆனால், முக்கால் தொட்டியிலிருந்து இரண்டு தொட்டி நீர் வருமா என்று பிள்ளையை நிறுத்திக் கேட்க அங்கு எவரும் இல்லை. அவற்றைத் துணையாகக் கொள்ளலாம். வீட்டில் பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்தால் பயன் கூடும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

எந்த வகுப்பாயினும், பணம் செலுத்துமுன் சிலவற்றைக் கேட்டறியலாம். மாணவனின் குறையை அறியத் தொடக்கச் சோதனை உண்டா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? கற்பிப்பவர் யார்? ஆறு வாரமும் அவரே கற்பிப்பாரா? தவறாகச் செய்த கணக்கு திருத்தித் தரப்படுமா? ஒரு நாள் அமர்ந்து பார்க்க அனுமதி உண்டா? கல்வி நிலையமாக இயங்குமிடத்து, 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படி அது பதிவு பெற்றுள்ளதா? இவற்றுக்குத் தெளிவான பதில் தராமல், எல்லாப் பாடத்திலும் சிறப்புத் தேர்ச்சி உறுதி என்று கூறும் விளம்பரத்தை நம்பிவிடலாகாது. பிள்ளையின் குறை என்னவென்று பார்க்காமலே எவரும் அத்தகைய உறுதியைத் தர இயலாது.

வகுப்பில் அமரப்போகும் பிள்ளையையும் கேட்க வேண்டும். பட்டண நிலையத்தில் தன் நண்பர்கள் சேர்வதால் மகனும் அங்குச் செல்ல விரும்பலாம். அந்த விருப்பத்தைத் தள்ளிவிடாமல், அவன் ஆசிரியையின் கணக்கில் எங்கே தடுமாறினான் என்பதை அவனுடனே பேசினால், தனக்கு எது தேவை என்பதை அவனே உணர்வான்.

எஞ்சிய நேரமும் கற்றலே

எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்குச் சிறு வகுப்பே பொருந்துகிறது. வாரத்தில் நான்கு நாள் மகனுக்கு ஓய்வு கிடைக்கிறது. அந்த ஓய்வைப் பெற்றோர் வீணென்று கருத வேண்டியதில்லை. நூலகத்தில் மலாய் நூல்களை இரவல் பெறலாம். கடைச் சிட்டையில் தள்ளுபடியின் விழுக்காட்டைக் கணக்கிடலாம். 1699இல் கொல்லப்பட்ட சுல்தான் மாமுட்டின் கல்லறை கோத்தா திங்கியின் கம்போங் மாக்காமில் உள்ளது. அதை ஒருமுறை பார்த்து வந்தவனுக்கு, ஜொகூர் வரலாறு பாடநூலில் வரும்போது அந்நியமாக இராது. போதிய உறக்கமும் விளையாட்டும் அடுத்த ஆண்டுக்கான ஆயத்தமே.

ஆறு வாரம் முடிந்ததும், தொடக்கத்தில் செய்த கணக்கு வகையையே மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். விடை சரியா என்பதுடன், அவ்விடை எப்படி வந்தது என்பதையும் மலாயில் சொல்லச் செய்ய வேண்டும். அவனால் முடிந்தால், பணமும் விடுமுறையும் உரிய இடத்தில் செலவாகியுள்ளன. முடியாவிட்டால், எஞ்சியுள்ள குறை எதுவென்று தெரிந்துவிடும். அதைப் படிவம் 1 ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே கூறி உதவி பெறலாம். பிள்ளையின் தேவையை அறிந்த பெற்றோருக்கு, வகுப்பைத் தேர்ந்தெடுப்பது அரிய செயலன்று.